மூட்டைக்குள் போகும் முகூர்த்தப் பட்டு

"பழைய பட்டுப் புடவை வாங்கறது! கிழிஞ்ச பட்டு, கறுத்த சரிகை வாங்கறது!"

மாரிகுப்பத்து லைன் வீடுகளுக்கு இந்தக் குரல் புதிதல்ல. விடியற்காலை ரயிலில் ஆண்களும் வேலைக்குப் போகும் பெண்களும் பெங்களூர் கிளம்பிவிட்ட பிறகு, வீட்டில் தாய்மார்கள் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வியாபாரி வருகிறார். கையில் ஒரு சின்னத் தராசு. தோளில் ஒரு மூட்டை.

ஒரு வீட்டுத் தாய் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார். அடியில் கிடக்கிறது அவருடைய முகூர்த்தப் பட்டு. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், தகப்பனார் தம் சம்பளத்தில் மாதம் பிடித்து வாங்கித் தந்தது. அரக்கு நிறம். அகலமான சரிகைக் கரை. விரித்துப் பார்த்தால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிளந்து நிற்கிறது. முந்தானையில் பழுப்புத் திட்டுகள். சரிகை கறுத்துவிட்டது.

"இதுல என்னக்கா இருக்கு? எரிச்சாத்தான் கொஞ்சம் வெள்ளி வரும்" என்கிறார் வியாபாரி.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகள் பக்கத்தில் நிற்கிறாள். "ஒழுங்கா வச்சிருந்தா இதையே நான் கட்டியிருப்பேனேம்மா" என்கிறாள். தாயிடம் பதில் இல்லை. புடவை மூட்டைக்குள் போகிறது. அதே மகளுக்குப் புதுப் பட்டு எடுக்க அடுத்த மாதம் கடனுக்கு அலைய வேண்டும்.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதல்ல. தங்கவயல் முழுவதும் நடப்பது. தமிழர்கள் பிழைக்கப் போன ஊர்களில் எல்லாம் நடப்பது. பட்டு எடுக்கக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை அதைக் காப்பதில் காட்டினால், மகளின் கல்யாணக் கடனில் ஒரு பகுதியாவது குறையும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

சம்பளம் நின்றது, செலவு நிற்கவில்லை

1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபோது வட ஆர்க்காட்டிலிருந்து வந்து இறங்கிய தமிழர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் ஊரிகத்திலும் இருப்பவர்கள். பூமிக்கடியில் மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கி, 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். 1956ல் சுரங்கம் மைசூர் சர்க்கார் கைக்கு வந்தது. பிறகு மத்திய சர்க்கார் கைக்குப் போய், 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 2001 பிப்ரவரி 28ந் தேதி மூடப்பட்டது.

அன்றோடு மாதச் சம்பளம் நின்றது. ஆனால் கல்யாணச் செலவு நிற்கவில்லை. "அவங்க வீட்டுப் பொண்ணுக்கு இவ்வளவு ரூபாயில் எடுத்தாங்களே, நம்ம பொண்ணுக்குக் குறையலாமா?" என்ற கேள்வி இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. பெங்களூரில் காவல் வேலையும் கார்மென்ட்ஸ் வேலையும் கட்டட வேலையும் செய்து சேர்க்கும் பணம் ஒரே நாளில் ஜவுளிக் கடையில் இறங்குகிறது.

இறங்கட்டும். ஆயுளில் ஒருமுறை வரும் நாள். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தப் பட்டு என்ன ஆகிறது? வியர்வை காய்ந்ததும் காயாததுமாக மடித்து, வாங்கிய பிளாஸ்டிக் உறையிலேயே திணித்து, மேலே நாலு அந்துருண்டையைப் போட்டுப் பெட்டியைப் பூட்டிவிடுகிறார்கள். பத்திரமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அழிவு அன்றுதான் ஆரம்பிக்கிறது.

சரிகையில் இருப்பது என்ன?

தங்கம் தோண்டிய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். அசல் சரிகை என்பது தங்க நூல் அல்ல. வெள்ளியை மயிரிழையாக இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். காஞ்சிபுரத்தில் 1971ல் தமிழக சர்க்கார் தொடங்கிய சரிகை ஆலையின் சரிகையில் தங்கம் ஏறத்தாழ அரை சதவீதம்தான். மீதி வெள்ளியும் செம்பும் பட்டும். 1912ல் மைசூர் மகாராஜா தொடங்கிய பட்டாலையின் மைசூர்ப் பட்டுச் சரிகையிலும் வெள்ளி 65 சதவீதம், தங்கம் 0.65 சதவீதம் என்றே கணக்குச் சொல்கிறார்கள்.

வெள்ளி கறுக்கும் என்பது வீட்டுக் குத்துவிளக்கும் கொலுசும் சொல்லித் தந்த பாடம். காற்றிலும் புகையிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கிறது. வியர்வையும் ஈரமும் சேர்ந்தால் செம்பும் பச்சை பிடிக்கும். மேலே இருக்கும் தங்க முலாமோ மெல்லியது. அது தேய்ந்துவிட்டால் சரிகையைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

2025ல் வெள்ளி விலை கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது. பழம்பட்டு வியாபாரி தெருத் தெருவாக ஏன் வருகிறார் என்பதற்கு இது போதும். அவர் வாங்குவது புடவையை அல்ல, அதிலுள்ள வெள்ளியை. பட்டுக்கும் நெசவுக்கும் அவர் தராசில் எடை இல்லை.

பட்டுக்கு எதிரிகள்

பட்டு ஒரு உயிர்ப் பொருள். கோலார், சிட்லகட்டா பக்கத்துக் கிராமங்களில் முசுக்கொட்டை இலை போட்டுப் பட்டுப் பூச்சி வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். மனிதனின் தலைமுடியைப் போலவே பட்டு நூலும் புரதம். ஆகவே முடிக்கு ஆகாதது பட்டுக்கும் ஆகாது. சலவை சோடாவும் காரமான சோப்பும் அதை நைந்து போகச் செய்யும். பிளீச்சிங் பவுடர் பட்டால் பட்டு கரைந்தே போகும்.

முதல் எதிரி வியர்வை. கல்யாணப் பெண் அந்தப் பட்டோடு பல மணி நேரம் உட்காருகிறாள். ஜாக்கெட்டின் அக்குளிலும், புடவையின் இடுப்புப் பகுதியிலும், கொசுவத்திலும் வியர்வை இறங்குகிறது. அதிலுள்ள உப்பு நூலையும் சாயத்தையும் சரிகையையும் சேர்த்து அரிக்கிறது.

இரண்டாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. பாயசமும் இளநீரும் குளிர்பானமும் சிந்தினால் அன்று துடைத்தவுடன் மறைந்துவிடும். சர்க்கரை மட்டும் நூலில் தங்கிவிடும். மாதங்கள் போகப் போக அது பழுப்பேறும். "நான் ஒண்ணுமே கொட்டலையே, எப்படிக் கறை வந்தது?" என்று தாய்மார்கள் திகைப்பது இதனால்தான். எறும்பும் பூச்சியும் தேடி வருவதும் இதற்காகத்தான்.

மூன்றாவது எதிரி தூசி. தங்கவயலில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லை மாவாக அரைத்து, சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் மலை மலையாக நிற்கிறது. ஆடிக் காற்று அடித்தால் அந்த மாவு ஜன்னல் இடுக்கில் நுழைந்து, சோற்றிலும் படுக்கையிலும் படிகிறது. மடிப்புக்குள் புகுந்தால் அது உப்புத்தாள் போல நூலைத் தேய்க்கும்.

நான்காவது எதிரி மடிப்பு. இருபது வருடம் ஒரே மடிப்பில் இருந்தால் தகரத்தகடே முறியும். பட்டு என்ன செய்யும்? தாயின் புடவை பிளந்தது கிழிசலால் அல்ல. யாரும் மாற்றிப் போடாத மடிப்பால்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

கல்யாணம் முடிந்த அன்றிரவே புடவையை மடித்து வைக்கக் கூடாது. வீட்டுக்குள் நிழலில், சுத்தமான வேட்டி விரித்த கொடியில் ஒரு இரவு ஆற விட வேண்டும். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். ஆணியிலும் இரும்பு ஹேங்கரிலும் மாட்டினால் துரு பிடிக்கும்.

மறுநாள் வெளிச்சத்தில் விரித்து, எங்கே என்ன கறை என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நெய் பட்ட இடத்தைத் தேய்க்காமல், மெல்லிய துணியில் டால்கம் பவுடர் தூவி ஒற்றி எடுக்கலாம். குங்குமத்தையும் சந்தனத்தையும் காய விட்டு மென்மையான துணியால் தட்டிவிட வேண்டும். ஈரக் கையால் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும்.

மஞ்சள் கறையில் சோப்புப் போடவே கூடாது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதைப் பார்க்கிறோம். சோப்பிலும் அதே காரம் இருக்கிறது. மஞ்சள் திட்டு ரத்தத் திட்டாகிவிடும்.

முதல் சலவையை வீட்டில் செய்யாமலிருப்பதே நல்லது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று இருக்கும் பட்டில் தண்ணீர் பட்டால் ஒரு சாயம் மற்றொன்றில் இறங்கலாம். 'பெட்ரோல் வாஷ்' என்று மக்கள் சொல்லும் டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. கொடுக்கும்போது வாய் திறந்து பேச வேண்டும். இது நெய், இது பாயசம், இது வியர்வை என்று இடம் காட்ட வேண்டும். கறை என்னவென்று தெரிந்தால்தான் அதற்கான மருந்து போட முடியும். சர்க்கரைக் கறை டிரை கிளீனிங்கில் மட்டும் போகாது. அதற்குத் தண்ணீர் வைத்தியம் வேண்டும் என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். ரசீதில் 'சரிகைப் பட்டு' என்று எழுதி வாங்க வேண்டும். ஃபால்ஸ் தைத்த அடிப்பகுதியில் மண்டப அழுக்கு முழுவதும் சேர்ந்திருக்கும். அதையும் காட்ட வேண்டும்.

பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றால், பெட்டியில் வைக்கப் போகும் புடவைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கஞ்சிப் பசை பூச்சிக்கு விருந்து. திரும்பக் கட்டும் சமயத்தில் போட்டுக்கொண்டால் போதும்.

பெட்டிக்குள் வைக்கும் முறை

பிளாஸ்டிக் உறை வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய செய்தித்தாளும் வேண்டாம். மை ஒட்டும்; தாளின் புளிப்பு பட்டை மஞ்சளாக்கும். கஞ்சியும் நீலமும் இல்லாமல் துவைத்துக் காய வைத்த பழைய வெள்ளை வேட்டி போதும். காசு செலவில்லாத உறை. இதைவிட நல்லது எதுவும் இல்லை.

ரப்பர் பாண்டு போட்டுக் கட்டக் கூடாது. ரப்பரிலும் கந்தகம் உண்டு. அந்துருண்டை பட்டிலோ சரிகையிலோ நேராகப் படக் கூடாது. போடுவதானால் சின்னத் துணி முடிச்சில் கட்டிப் பெட்டி மூலையில் போட வேண்டும். காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் அப்படியே முடிந்து வைக்கலாம். பாட்டிமார்கள் செய்தது அதுதான்.

டிரங்குப் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்தால் மழைக் காலத்தில் ஓதம் ஏறும். இரண்டு செங்கல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். அந்தச் செங்கல்லால் கறையானையும் முதலிலேயே கண்டுபிடிக்கலாம்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பு விழாத இடத்தில் புது மடிப்பு மடிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, தையில் ஒரு நாளும் சித்திரையில் ஒரு நாளும் காற்றாட விட வேண்டும். ஆடிக் காற்றில் மட்டும் பெட்டியைத் திறக்கவே கூடாது. போகிக்கு வேண்டாததை எறிகிறோம். அன்றைக்கே வேண்டியதை எடுத்துப் பார்க்கும் வழக்கத்தையும் வைத்துக்கொண்டால் தேதி மறக்காது.

இஸ்திரி போடும்போது உட்புறமாகத் திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். இன்று பல புடவைகளில் இருப்பது பிளாஸ்டிக் சரிகை. நேர்ச் சூடு பட்டால் சுருண்டுவிடும். சென்ட்டைப் புடவை மேல் அடிக்கவே கூடாது.

கோயிலுக்குப் போகும் வெள்ளை உடை

தங்கவயலில் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம். வெள்ளைப் புடவையோ கவுனோ உடுத்தி மாதா கோயிலில் மந்திரிக்கும் பெண்களுக்கும் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இன்னும் கூடுதலான கவனமும் வேண்டும். வெள்ளையில் எதுவும் மறையாது. கேக்கும் ஒயினும் பட்ட இடம் அன்று தெரியாமல் பிறகு பழுப்பாகத் தெரியும். கவுனின் கீழ் விளிம்பு கோயில் வாசல் மண்ணையெல்லாம் கூட்டி வரும். ஒட்டு மணி, ஜிகினா வைத்த உடையாக இருந்தால் டிரை கிளீனிங் மருந்தில் பசை விட்டுப்போகும்; உள்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வைக்கும்போது மடிப்புக்குள் சுருட்டிய வெள்ளைத் துணியை வைத்தால் மடிப்பு முறியாது.

அம்மா புடவை அவமானமா?

இனி முக்கியமான கேள்வி. இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றி என்ன பயன்? "யாராவது பழசைக் கட்டிக்கிட்டு மணவறையில் உட்காருவாங்களா?" என்று கேட்பார்கள்.

வெள்ளைக் கல்யாண உடையை உலகத்துக்குப் பழக்கிவிட்ட விக்டோரியா மகாராணி 1840ல் தம் திருமணத்தில் அணிந்த லேசைத் தூக்கி எறியவில்லை. 1893ல் பேரன் ஜார்ஜின் திருமணத்திலும் அதையே அணிந்தார். 1897ல் தம் வைர விழாப் படத்திலும் அந்தக் கோலமே. இங்கிலாந்தின் இளவரசி பியாட்ரிஸ் 2020 ஜூலையில் கல்யாணம் செய்துகொண்டபோது உடுத்தியது பாட்டி எலிசபெத் ராணி 1960களில் உடுத்திய கவுன். கை சேர்த்து, சில மாற்றங்களோடு தைத்துக்கொண்டார். புதிதாக வாங்க வக்கில்லாமலா? மூட்டைக்குப் போகாமல் அந்த உடை பாதுகாக்கப்பட்டதால் அது முடிந்தது.

அரண்மனைப் பெண்ணுக்குப் பெருமையாக இருப்பது மாரிகுப்பத்துப் பெண்ணுக்கு மட்டும் எப்படி அவமானமாகும்?

தாலி கட்டும் நேரத்தில் கோடித் துணிதான் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், அதை மறுக்க வேண்டியதில்லை. எளிய விலையில் ஒரு புதுப் புடவை அதற்குப் போதும். பெண்ணழைப்புக்கும் வரவேற்புக்கும் அம்மாவின் பட்டு வரட்டும். வளைகாப்புக்கு வரட்டும். பட்டைக் கட்டிக் கட்டி எடுத்து வைப்பதும் ஒரு பராமரிப்புதான். இருபது வருடம் காற்றே படாமல் கிடப்பதைவிட வருடத்தில் இரண்டு நாள் உடுத்தப்படும் புடவை நீண்ட நாள் உழைக்கும்.

யார் என்ன செய்யலாம்?

பட்டு விற்கும் ஜவுளிக் கடைகள், காலண்டரும் துணிப் பையும் கொடுக்கின்றன. அதோடு ஒரு சிறு தாளில், இது அசல் சரிகையா, எப்படி வெளுப்பது, எப்படி வைப்பது என்று தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்துக் கொடுக்கட்டும். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் கடைக்கு இது ஒரு பெரிய செலவல்ல. கேட்டு வாங்க வேண்டியது வாங்குபவரின் உரிமை.

மாதர் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் தை மாதத்தில் ஒரு நாளைப் 'பட்டு நாள்' என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் தம் புடவையைக் கொண்டு வந்து விரித்துப் பார்க்கட்டும். மடிப்பு பிளந்ததற்கு உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைக்கத் தெரிந்தவர் தைத்துக் கொடுக்கட்டும். நைந்த உடலை நீக்கி, நல்ல கரையையும் முந்தானையையும் புதுத் துணியில் ஏற்றித் தைக்கும் தொழிலை நாலு பெண்கள் பழகிக்கொண்டால் அதுவே ஒரு வருமானம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. புடவை பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்கிவிட வேண்டாம். அதற்காக வாங்கிய கடனை மாதா மாதம் கட்டுபவர்கள் அவர்கள்தான். பெங்களூர் ரயிலில் தினமும் போகிறவர் ஒரு நாள் அந்தப் பட்டையும் பையில் எடுத்துப் போய் நல்ல சலவைக் கடையில் கொடுத்து வந்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. எடுத்தவர்கள் வீட்டில் மிஞ்சியது, சரிகைக் கரையில் பூசிய அந்த அரை சதவீதம்தான். அதையும் தராசில் வைத்து மூட்டைக்கு அனுப்ப வேண்டுமா என்று ஒவ்வொரு வீடும் யோசிக்கட்டும்.

அடுத்த முறை வியாபாரி வந்து கூவும்போது, "போய்ட்டு வாப்பா, எங்க வீட்டுப் பட்டு இன்னும் கட்டறதுக்கு இருக்கு" என்று சொல்லும் தாய்மார்கள் மாரிகுப்பத்தில் பெருக வேண்டும்.